லிகோரி தங்கிய தொண்டை

புன்னைத்துறையில் கடலுக்குப் போய்த் திரும்பாதவனுக்குக் கல்லறை கிடையாது. கல்லறை இல்லாதவன் பெண்டாட்டிக்கு வெள்ளைச் சேலை கிடையாது. வெள்ளைச் சேலை கட்டாதவளைப் பார்த்து விதவை என்று சொல்ல அந்தக் கரையில் எவனுக்கும் நாக்கு கிடையாது. ஆகையால் புயலுக்கு ஆண்களைக் கொடுத்த வீட்டுப் பெண்கள் தாலியையும் கழற்றாமல், அழுகையையும் முடிக்காமல், பாதி வெந்த சோற்றை இறக்கவும் முடியாமல் எரிக்கவும் விறகில்லாமல் அடுப்பங்கரையில் நிற்பவர்களைப் போல வருஷக்கணக்காக நின்றார்கள். அப்படி நின்றவர்களில் ஒருத்தி கித்தேரி.

நின்றாள் என்றால் சும்மா நிற்கவில்லை. புருஷன் லிகோரியைக் கடல் எடுத்துக்கொண்டபோது பால்குடி மறக்காத மகள் ஜெனோவாவை இடுப்பில் ஏற்றி, மீன்கடகத்தைத் தலையில் ஏற்றி, ஏலக்கரையில் ஆம்பிளை வியாபாரிகளின் முழங்கைகளுக்கு நடுவே புகுந்து, திட்டு வாங்கி, வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுத்து, அழுகல் மீனைத் தலையில் கட்டியவன் வீட்டு நடையில் அதே மீனைக் கொண்டுபோய்க் கொட்டி, அப்படித் தொழில் படித்தவள் அவள். முதலில் சொல்கிற விலை சொல்கிறவனுடைய ஆசை, வேறொன்றுமில்லை. அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவன் சந்தைக்கு வரக்கூடாது, கோயில் வாசலில் உட்கார வேண்டும் என்பது அவள் கட்சி. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் ஐந்து பத்து செபமாலை சொல்லும்படி தண்டனை கொடுத்தால், அதையே இரண்டு பத்துக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் முழங்காலை எடுப்பாள்.

பங்குனி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் காய்ச்சலோடு ஏலத்துக்கு வந்தாள். மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை, ஆனால் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டி, எச்சில் விழுங்கினால் காதுவரை முள் இறங்கியது. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தபோது உள்ளே தொண்டை செம்பருத்தியாகச் சிவந்து, இரண்டு பக்கத்துச் சதையும் புடைத்து, அதன்மேல் யாரோ தயிரைத் தெளித்தாற்போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. அதற்காக ஏலத்தை விடுகிறவளா அவள்? ஏலம் கூறுகிற மொராயிஸ் அண்ணன் ஒரு சீலா மீனின் வாலைப் பிடித்துத் தூக்கி விலை சொன்னார். அந்த விலையைத் தரையில் அடிக்கக் கித்தேரி வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து லிகோரி பேசினான்.

"ஏளா, அந்தச் சீலாவ எடுக்காத. கண்ணு கலங்கிக் கெடக்கு. ஐஸுல கெடந்த பழசு."

அதே குரல், கயிற்றை விட்டு விட்டு இழுப்பதுபோலச் சொல்லின் கடைசியை நீட்டுகிற குரல்.  மொராயிஸ் அண்ணன் மீனைக் கீழே வைத்தார்.

"லிகோரியா? நல்லா இருக்கீரா வேய்?"

"இருக்கேன் அண்ணே."

"பழசுன்னு எனக்கும் தெரியும். அதை ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருக்காதேயும், என் பொழப்பு ஓடணும்லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ஏலம் நடந்தது, சீலாவை வெளியூர் வண்டிக்காரன் ஒருவன் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனான். இதில் திகைத்து நிற்க என்ன இருக்கிறது? திமிங்கிலம் ஒதுங்கியதைப் பார்த்த கரை அது, கடல் உள்வாங்கி ஓடியதையும் பார்த்த கரை. போனவன் குரல் வந்தால் நலம் விசாரிப்பதுதான் முறை என்று அவர்களுக்குத் தெரியும். கித்தேரி மட்டும் கடகத்தை நிரப்பாமல், கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு, அதற்குள் ஒரு குஞ்சுப் பறவை இருப்பதுபோல மெள்ள மெள்ள நடந்து வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். கேட்டது அவள் குரல், பதில் சொன்னது அவன் குரல், இரண்டுக்கும் வாய் ஒன்று.

"எங்கன கெடக்கீரு?"

"சொன்னா நீ வந்துருவ. சொல்ல மாட்டேன்."

"எலும்பாவது கெடைக்குமா?"

"அதைக் கேக்காதளா. கொளம்பு வச்சியா? என்ன மீனு?"

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த மனுஷன் கேட்கிற கேள்வியா அது என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் சந்தோஷம் வந்தது, ஏனென்றால் அவனோடு கோபித்துக்கொள்ள முடியாமல்தான் இத்தனை காலமும் ஊரிலுள்ள அத்தனை பேரோடும் அவள் கோபித்துக்கொண்டிருந்தாள்.

ஊர் வந்தது. கல்லறை இல்லாத வீட்டுப் பெண்கள் எல்லோரும் கித்தேரியின் வாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் தம்பி அங்கன இருக்கானா, என் அய்யா இருக்காரா, என் மவன் இருக்கானா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். லிகோரி பொறுமையாகச் சொன்னான்: "எல்லாரும் இங்கனதான் இருக்காவ. ஆனா ஒவ்வொருத்தனுக்கும் அவன் வீட்டுத் தொண்டை வேணும். அடுத்த வீட்டுத் தொண்டையில எப்படி ஏறுவான்? மரியாதை இல்லலா?"

அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிலோமி, ஒற்றை மகன் செல்வனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் வெறும் கோழிகளோடு இருந்தவள், எழுந்து, கித்தேரி குடித்து வைத்திருந்த தம்ளரை எடுத்து, மிச்சத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, நெறி கட்டியது, தொண்டையில் தயிர் தெளித்தது, வாயைத் திறந்தபோது செல்வன் "எம்மா, பசிக்கி" என்றான்.

அதன் பிறகு புன்னைத்துறை புதிய வழக்கங்களைப் பழகிக்கொண்டது. காய்ச்சல்காரிக்குத் தனித் தம்ளர் வைத்த ஊர், அவள் தம்ளருக்கு முன்பதிவு செய்தது. குச்சி ஐஸ் வாங்கினால் ஒருத்தி சப்பி அடுத்தவளிடம் கொடுத்தாள். மூக்கு ஒழுகி இருமலோடு வருகிற தொண்டை வலிக்கு ஒரு குரலும் வராது என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார்கள்; அப்படி வந்தவர்களைப் பார்த்து "உப்புத் தண்ணியைக் கொப்புளிச்சுட்டுப் போ, உனக்கு ஒண்ணும் வராது" என்று பரிதாபப்பட்டார்கள். கல்லறை உள்ள வீட்டாருக்கு வெள்ளை தெளித்த தொண்டையிலும் வெறும் வலிதான் வந்தது. அதற்காக அவர்கள் சாமியாரிடம் போய்ச் சண்டை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெண்கள் பக்கமிருந்து ஆம்பிளைக் குரல்கள் "ஆமென்" சொல்லின, அதற்குத் தகுந்தாற்போலப் பாடகர் குழு சுருதியை இறக்கி வைத்துக்கொண்டது. வந்த குரல்கள் பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. வள்ளத்தில் மாட்டுகிற வெளியெந்திரம் என்ன விலைக்கு விற்கிறது, அலையைத் தடுக்கிற தூண்டில் வளைவைக் கட்டி முடித்தார்களா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டன. கேட்டுவிட்டு, பதிலைவிடப் பதில் சொல்கிற சத்தத்தைத்தான் கேட்க வந்தவைபோல அமைதியாக இருந்தன. ஒருத்தி மட்டும் மறுகல்யாணம் செய்திருந்தாள். அவள் தொண்டைக்கு வந்தவன் அந்த வீட்டில் புதுச் செருப்பு கிடப்பதைப் பற்றி விசாரித்தான், அவள் சொன்னாள், அவன் "நல்லதுளா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இருமினான். மறுநாள் காலையில் அவளே ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள்.

அப்படித்தான் டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் கதீஜா காயல்பட்டினத்துக்காரி, சின்ன உருவம், பெரிய குரல். ஜீப்பில் வந்து இறங்கி, ஊர்ப் பொதுக்கூடத்தில் நாற்காலி போட்டு, வரிசையாக நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஒருவன் "வெளிச்சம் கண்ணுல அடிக்கி டாக்டரம்மா" என்றபோது, "கொஞ்சம் பொறுங்க, முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த நாக்கைப் பார்த்தாள்.

"இது கிருமி. இதுக்கு மாத்திரை இருக்கு. பத்து நாளும் விடாம முழுங்கணும்" என்றாள்.

கூட்டம் கித்தேரியைப் பார்த்தது. விலை சொல்லியாகிவிட்டது, இனி அவள் வேலை.

"பத்து நாளா? கூடுதலா சொல்லுதீங்க டாக்டரம்மா. மூணு நாளைக்கு வச்சுக்கிடுவோம்."

"இது மீன் இல்லம்மா."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், நாலு."

"ஏம்மா, நாலு நாள்ல வலி போயிரும், கிருமி போகாது. அது தொண்டையில பதுங்கிக் கெடந்து, பிறகு மூட்டுக்குப் போவும், மூட்டுலேர்ந்து நெஞ்சுக்குப் போவும். முக்கியமா சின்னப் பிள்ளைங்களுக்கு. நெஞ்சுல போய் உட்கார்ந்தா எழுப்ப முடியாது."

"அஞ்சு. அதுக்கு மேல ஒரு மாத்திரை ஏறாது."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் முழு மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போனாள். கித்தேரி ஐந்து நாளைக்குச் சாப்பிட்டாள். காய்ச்சல் இறங்கியது, முள் போனது, லிகோரியின் குரல் தேய்ந்து கிசுகிசுப்பாகி, ஆனால் போகாமல், சாம்பலுக்குள் கங்குபோலக் கிடந்தது. வலி இல்லை, குரல் உண்டு. ஊரே அவளை மெச்சியது. படித்த டாக்டரம்மாவையே பாதி விலைக்கு இறக்கிவிட்டாளே என்று மொராயிஸ் அண்ணன் ஏலத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார். அன்று முதல் புன்னைத்துறையில் யாரும் மாத்திரையை முடிக்கவில்லை. மருந்துக்கடை கோயில்பிச்சை அண்ணாச்சி, குரல் மங்கினால் வாங்காதே, வலி கூடினால் வாங்கு என்று ஒன்றும் இரண்டுமாக அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தார். அடுப்புத் தீயைக் கூட்டிக் குறைத்துப் பாலைப் பொங்காமல் காய்ச்சுகிறவர்களைப்போல, அந்தப் பெண்கள் தங்கள் தொண்டை நோயைக் கூட்டிக் குறைத்துக் காத்தார்கள்.

அந்தச் சித்திரை முழுக்கக் கித்தேரி சந்தோஷமாக இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மீன் விற்றுவிட்டு வந்து, கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, அன்று எவன் எவனை எப்படி மடக்கினாள் என்று சொல்லுவாள், அவன் கிசுகிசுப்பாகச் சிரிப்பான். தொடமுடியாத மனுஷன். தோள் இல்லை, வேர்வை வாடை இல்லை, சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வட்டில் இல்லை. சிரிப்பு மட்டும் இருந்தது, அதுவும் அவளுடைய தொண்டையிலிருந்தே வந்தது. சில நேரம் தன் கையையே தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, சிரிப்பு அதிர்கிற இடத்தை விரலால் தேடுவாள்.

இதையெல்லாம் ஜெனோவா பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை, அப்பனை ஞாபகம் இல்லாத பிள்ளை. அப்பன் அம்மாவோடு பேசினான், மீன் விலை பேசினான், மகளைப் பற்றிப் பேச்சு வந்தால் "வளந்துட்டாளா" என்பான், ஆனால் அந்தக் குரல் யாருடையதோபோல அவளுக்குப் பட்டது. ஒருநாள் அம்மா வைத்திருந்த கஞ்சியில் அதே கரண்டியை விட்டுக் குடித்தாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது லிகோரி முழுசாக வந்தான். அம்மாவின் தொண்டை ஏலத்தில் கத்திக் கத்திக் காய்ந்த தொண்டை. பிள்ளையின் தொண்டை புதுசு. அதில் அவன் குரல் வெங்கலமாக ஒலித்தது. அவன் பாடினான். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை, "ஏலேலோ ஐலசா" என்று பன்னிரண்டு வயசுப் பெண்ணின் வாயால், ஆம்பிளைக் குரலில், தெருவே கேட்கும்படி பாடினான். கித்தேரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். பிள்ளைக்கும் அவள் ஐந்து நாள் மாத்திரைதான் கொடுத்தாள். மீதியை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள்.

காய்ச்சல் விட்டது. ஜெனோவா ஓடினாள், ஆடினாள். மூன்று வாரம் போல ஆகியிருக்கும், ஒரு காலையில் பிள்ளையின் வலது முழங்கால் தேங்காய்போல வீங்கிச் சிவந்து நின்றது, போர்வை பட்டால் அலறினாள். வைத்தியம் பார்ப்பதற்குள் அது வடிந்துவிட்டது. வடிந்ததே என்று மூச்சுவிடுவதற்குள் இடது கணுக்கால் வீங்கியது. அப்புறம் மணிக்கட்டு. வீட்டுக்குள் யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போவதுபோல அந்த வலி பிள்ளையின் உடம்புக்குள் இடம் மாறியது. கடைசியில் மூட்டெல்லாம் சும்மா இருந்தது; ஆனால் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஜெனோவா இரண்டு முறை உட்கார்ந்தாள்.

கித்தேரி பிள்ளையை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் கதீஜா குழாயைக் காதில் மாட்டிப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து, குழாயைக் கழற்றிக் கித்தேரியின் காதில் மாட்டினாள்.

உள்ளே கடல் கேட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் தண்ணீர் தப்பிப் பின்னே ஓடுகிற 'சுர்' என்ற சத்தம், அந்தச் சத்தத்தின்மேல், பிள்ளையின் நெஞ்சுக்குள், அவளுடைய புருஷன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீரா?"

பதில் நெஞ்சிலிருந்து வந்து பிள்ளையின் வாய் வழியாக வெளியேறியது. "நாந்தான்ளா. தொண்டையில நெருக்கடியா இருந்துச்சு. இங்கன நல்ல எடம்."

"வெளிய வாரும்."

"எங்கன போவச் சொல்லுத? அங்கன குளிருளா. உனக்கு அந்தக் குளிரு தெரியாது. இங்கன வெதுவெதுன்னு இருக்கு. பாலுமேல ஏடு பிடிச்ச மாதிரி ஒரு சூடு. எம் பிள்ளை நெஞ்சு இது, நான் சும்மா ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன்."

"என் நெஞ்சுக்கு வாரும். எவ்வளவு நாளானாலும் இரும். செத்தாலும் சரி."

"வந்து பாத்தேன். உள்ள விட மாட்டேங்கு. வயசான கதவு, இறுகிப் போச்சு."

டாக்டரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கித்தேரி வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கியிருக்கிறாள். கத்தி, சாபம் கொடுத்து, அழுவதுபோல நடித்து, கடகத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோலப் போய்த் திரும்பி. அதில் ஒன்றும் அப்போது கைக்கு வரவில்லை. எதிராளிக்கு எது வேண்டும் என்று தெரிந்தால்தான் விலை பேசலாம்; இவனுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் சூடு. அதைத் தரமாட்டேன் என்று சொல்லவா அவள் இத்தனை வருஷம் தாலியைக் கழற்றாமல் இருந்தாள்?

"ஏய்யா," என்றாள், சத்தத்தை இறக்கி. "நீரு துடுப்புப் போடப் போட இவளுக்கு மூச்சு வாங்குது. கெணத்தடியிலேர்ந்து வீடு வரைக்கும் நடக்க முடியல. உமக்குத் தெரியுமா அது?"

துடுப்புச் சத்தம் நின்றது. நின்றபோது பிள்ளையின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"தெரியாதுளா," என்றான் லிகோரி. "இங்கன இருந்தா வெளிய ஒண்ணும் தெரியாது. நான் அவளத் தாலாட்டுதேன்னுல்லா நெனச்சேன்."



"எத்தன மாத்திரை?" என்று அவனே கேட்டான்.

"டாக்டரம்மா சொன்ன அத்தனையும்."

"நீ கொறைக்கலியா?"

"கொறைக்கல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஜெனோவாவின் தோள்கள் குலுங்கின.

ஒத்துக்கொண்டவன் அவன். ஒத்துக்கொள்ளாதவள் ஜெனோவா. பெரியாஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்துகொண்டு, கொடுத்த மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி, அம்மா தலை திரும்பியதும் தலையணைக்கடியில் துப்பினாள். கித்தேரி கண்டுபிடித்து, ஊர் கேட்கத் திட்டினாள். பிள்ளை பதிலுக்குத் திட்டவில்லை, அம்மாவைப் போலவே நிதானமாகப் பேசினாள்.

"பாதி சாப்பிடுதேன்."

"முழுசு."

"இந்த மாசம் முடியட்டும், அடுத்த மாசம் சாப்பிடுதேன்."

"இப்பவே."

"நீ அவரு கூட வாழ்ந்துட்ட. சண்டை போட்டுருக்க, சோறு போட்டுருக்க. நான் இப்பதானம்மா கேக்கேன். உள்ளேருந்து பாடுதாரு, எலும்பெல்லாம் அதிருது. அதைப் போய் முடிக்கச் சொல்லுத."

 மாத்திரை கித்தேரியின் உள்ளங்கையில் வேர்த்து மாவாகிக்கொண்டிருந்தது. அப்போது, மாட்டேன் என்று இறுக்கி மூடியிருந்த அதே வாய், தானே கொஞ்சம் திறந்தது, அதற்குள்ளிருந்து லிகோரி சொன்னான்: "முழுங்கு மக்கா."

பிள்ளையின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. வாயை மூடப் பார்த்தாள். அவன் விடவில்லை, குழந்தைக்குச் சோறூட்டுகிறவனைப் போல "ஆ" என்றான். அந்த 'ஆ'வுக்கு அவன் பெண்ணின் வாயைத்தான் திறக்க வேண்டியிருந்தது, திறந்த வாயில் கித்தேரி மாத்திரையை வைத்தாள். தினமும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு வேளையும் அவன் 'ஆ' கொஞ்சம் மெலிந்தது. பாட்டு போனது, பிறகு சொல் போனது, பிறகு சொல்லின் கடைசியை நீட்டுகிற அந்த இழுப்பு மட்டும் இருந்தது, பிறகு வெறும் மூச்சு. கடைசி மாத்திரைக்கு ஜெனோவா தானாகவே வாயைத் திறந்தாள், திறந்துகொண்டே வெகுநேரம் இருந்தாள், அவன் சொல்லுவான் என்று இருவரும் காத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியின் போனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கித்தேரி மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவள் தொண்டையில் கிடந்த கங்கும் அவளுக்கென்று கொடுத்த மாத்திரைகளில் அதற்கு முன்பே அவிந்திருந்தது. அது எந்த நிமிஷத்தில் போனது என்று அவள் கவனிக்கவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இறக்கினது நான்தான், நானே ஏத்துதேன், முழுசா முழுங்குங்க என்று கத்தினாள். பிள்ளை உள்ள வீடுகள் பயந்து முழுங்கின. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆம்பிளைக் குரல் ஒவ்வொரு விதமாக விடைபெற்றது. சில குரல்கள் நன்றாகவே பெறவில்லை, பாதிப் பேச்சில் போயின. கோயில்பிச்சை அண்ணாச்சி அட்டையைக் கத்தரிக்கிற கத்தரிக்கோலைத் தையல்காரனுக்குக் கொடுத்தார். பிலோமி மட்டும் கதவைத் திறக்கவில்லை.

"உனக்கு மவ இருக்கா. முழுங்கின," என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. "எனக்குக் கோழிதான் இருக்கு."

கித்தேரி கதவைத் தட்டிய கையை எடுத்தாள். உள்ளே செல்வன் "யாரும்மா அது" என்று கேட்பதும், "ஒண்ணுமில்ல ராசா, காத்து" என்று பிலோமி சொல்வதும் கேட்டது. பிலோமி கடைசிவரை மாத்திரையை முடிக்கவில்லை. அவளைப் பற்றி யாரும் தப்பாகப் பேசக் கித்தேரி விட்டதும் இல்லை.

ஜெனோவாவுக்கு மாத்திரையோடு முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் பென்சிலின் ஊசி, வளர்ந்து பெரியவளாகும்வரை, ஒரு தடவைகூடத் தவறக்கூடாது, தவறினால் அடுத்த தொண்டை வலியில் நெஞ்சு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னாள். எத்தனை வருஷம் என்று கித்தேரி கேட்டாள். டாக்டரம்மா சொன்னாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஊசி போட்ட ஒருநாள், இரண்டு பேரும் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி போட்ட பக்கம் வலிக்கும் என்று ஜெனோவா ஒருச்சாய்ந்து உட்கார்ந்து, மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா கொரலு வெளிய எப்படிக் கேட்டுச்சு? எனக்கு உள்ளேருந்துதானே கேட்டுச்சு. மண்டைக்குள்ள முழங்குன மாதிரி."

கித்தேரி யோசித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்பிளைக் குரலாகத் தடித்து, "ஏளா, கொளம்பு வச்சியா" என்றாள்.

ஜெனோவா சிரித்துவிட்டாள். "அது இல்ல. அது மொராயிஸ் மாமா."

"நீ சொல்லு பாப்போம்."

ஜெனோவா நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து இழுத்துச் சொன்னாள். கித்தேரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ரொம்பக் கனம். அவரு கொரலு அவ்வளவு கனமில்ல. கொறை."

"உள்ள கனமாத்தான் இருந்துச்சு."

"வெளிய அப்படி இல்ல. கொறைங்கேன்."

பிள்ளை குறைத்தாள். அம்மா மூக்கைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள், பிள்ளை மூக்கு வேண்டாம் என்றாள், அம்மா அவள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொண்டு கடைசி எழுத்தை இன்னும் இழு என்றாள், இவ்வளவு போதும் என்றாள் பிள்ளை, போதாது என்றாள் அம்மா, நீ கொஞ்சம் இறங்கு நான் கொஞ்சம் ஏறுதேன் என்றாள் பிள்ளை. வெயில் தாழ்ந்து வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையேறி, வலைகளை உதறி, ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். போகிறவர்கள் எல்லோரும், மணலில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அந்த இரண்டு பேரையும், வியாபாரம் படியட்டும் என்று தொந்தரவு செய்யாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.